ஆட்டத்து உயிர்களும் நீலியும் – பிள்ளைகளுக்கு ஒரு தமிழ்ப் பாடம்

‘மைன்கிராஃப்ட்’ என்னும் கணிப்பொறி ஆட்டத்தின் பெயர் ஒலிக்காத வீடு இன்று நம் அன்பர்களின் வீடுகளில் அநேகமாக இல்லை எனலாம். கரமனையிலானாலும் சரி, வலியசாலையிலானாலும் சரி, சாலைக்கடைத் தெருவின் பின்புறச் சந்துகளிலானாலும் சரி, பள்ளிவிட்டு வந்த பிள்ளை முகம் கழுவுவதற்குள் அந்த ஆட்டத்துக்குள் நுழைந்துவிடுகிறது. பெற்றோர் கடிந்துகொள்கிறார்கள், தாத்தாவும் பாட்டியும் புரியாமல் பார்க்கிறார்கள். நமது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பாடம் நடத்தும் முறையில், இப்பிள்ளைகள் பேசிக்கொள்ளும் ‘கிரீப்பர்’, ‘என்டர்மேன்’, ‘வார்டன்’ ஆகியோர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கு ஏற்பட்டது. தெரிந்துகொண்டதை அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆட்டம் நல்லதா கெட்டதா என்ற வழக்கை இங்கே எடுக்கவில்லை. அதை அவரவர் வீட்டில் தீர்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்சன் என்பவர் 2009-ஆம் ஆண்டு மே மாதம் இதை முதன்முதலாக வெளியிட்டார். 2011 நவம்பரில் முழு வடிவம் வந்தது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 250 கோடி டாலர் கொடுத்து இதனை வாங்கியது. 2023-இல் விற்பனை 30 கோடிப் பிரதிகளைத் தாண்டியதாக அறிவித்தார்கள். இவ்வகை ஆட்டத்துக்கு மணல்தொட்டி ஆட்டம் என்று பெயர். மணலில் விளையாடும் குழந்தைக்கு யாரும் இலக்கு வைப்பதில்லை. வீடு கட்டலாம், கிணறு தோண்டலாம், கட்டியதைக் கலைக்கலாம். அதோடு பிழைத்திருத்தல் என்ற ஒன்றையும் சேர்த்துவிட்டார்கள். பசிக்கும், இருட்டும், இருட்டில் ஏதோ வரும். ஆட்டத்தில் ஒரு முழு நாள் என்பது நம் கடிகாரத்தில் 20 நிமிடம். அதில் இருட்டுவதற்குள் மரம் வெட்டி, கல் உடைத்து, குடிசை போட்டு, கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்.

ஆட்டக்காரனின் உருவம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஸ்டீவ் என்ற ஆண் உருவம் முதலிலிருந்தே உண்டு. 2014-இல் அலெக்ஸ் என்ற பெண் உருவம் சேர்ந்தது. 2022-இல் பல நிறமும் பல சாயலும் கொண்ட ஏழு உருவங்கள் மேலும் சேர்ந்தன. இவர்கள் யாரும் பேசுவதில்லை, இவர்களுக்குக் கதையும் கிடையாது. பேச்சும் கதையும் ஆடுகிற பிள்ளையுடையவை. ஆட்டத்தின் சுவை முழுதும் மற்ற உயிர்களிடத்தில்தான் இருக்கிறது.

நிலமும் பொழுதும்

தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தைப் பள்ளியில் படித்தவர்களுக்கு நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது நினைவிருக்கும். அந்நிலத்துக்கு உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை கருப்பொருள். இந்த ஆட்டத்தைச் செய்தவர்கள் தொல்காப்பியத்தின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். ஆனாலும் ஓர் உயிர் எங்கே, எப்போது தோன்றலாம் என்று அவர்கள் எழுதி வைத்திருக்கும் விதியைப் பார்த்தால் திணை இலக்கணம் படித்தவர் புன்னகை செய்வார்.

நடைபிணம், எலும்புக்கூடு, சிலந்தி போன்ற பகை உயிர்கள் இருட்டில்தான் தோன்றும். 2021-இன் இறுதியில் இந்த விதியை மேலும் இறுக்கி, வெளிச்சம் அறவே இல்லாத இடத்தில்தான் தோன்றும் என்று ஆக்கினார்கள். ஆகவே ஒரு தீப்பந்தம் நட்டால் அந்த இடம் காப்பாற்றப்பட்டது. ஆட்டக்காரனுக்கு 24 கட்டை தூரத்துக்குள் தோன்றா. 128 கட்டைக்கு அப்பால் போனவை மறைந்துவிடும். பொழுது விடிந்ததும் நடைபிணமும் எலும்புக்கூடும் வெயில் பட்டு எரிந்து போகும். சிலந்தி எரிவதில்லை, ஆனால் வெளிச்சத்தில் அதன் பகை தணிந்துவிடும், நாமாகச் சீண்டினால் ஒழிய.

இனி நிலம். பனி நிலத்தில் தோன்றும் எலும்புக்கூட்டின் அம்பு பட்டால் நம் கால் தளர்ந்து நடை மெதுவாகும். சதுப்பில் சூனியக்காரி இருப்பாள். அடர்காட்டில் கிளியும் காட்டுப்பூனையும் உண்டு. மணல்வெளியில் திரியும் நடைபிணத்துக்கு ‘ஹஸ்க்’ என்று பெயர். அது வெயிலில் எரியாது. வெயில் அதற்குச் சொந்த ஊர். அது அடித்தால் ஆட்டக்காரனுக்குப் பசி அதிகரிக்கிறது. இதைப் பிள்ளைகள் சொல்லக் கேட்டபோது எனக்குச் செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி நினைவுக்கு வந்தது. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்நூலில் வறண்ட பாலைக் காட்டைப் பாடிய பிறகு பசியால் மெலிந்த பேய்களைப் பாடுகிறார் கவிஞர். பாலையும் பசியும் பேயும் அங்கே ஒரே குடும்பம். வெயில் காய்ந்த நிலத்துக்கு எந்தப் பேய் பொருந்தும் என்று யோசித்தால் ஸ்வீடன்காரரும் சோழநாட்டுக் கவிஞரும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள்.

இவ்வுயிர்கள் ‘சிந்திக்கும்’ விதத்தையும் சற்று விளக்க வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு கட்டளை வரிசை உண்டு. முக்கியமானது மேலே, அற்பமானது கீழே. எலும்புக்கூட்டை எடுத்துக்கொள்வோம். வெயில் வந்தால் நிழலைத் தேடு. ஓநாயைக் கண்டால் ஓடு. ஆட்டக்காரன் கண்ணில் பட்டால் அம்பு விடு. வேறு ஒன்றுமில்லையானால் சும்மா திரி. திரியவும் தோன்றாவிட்டால் சுற்றுமுற்றும் பார். ஒரு வினாடிக்கு 20 தடவை ஆட்டத்தின் கணக்கு ஓடுகிறது; அதற்கிடையே இந்த வரிசையைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்து, மேலே உள்ள கட்டளை பொருந்தினால் கீழே உள்ளதை நிறுத்திவிடுகிறது. அவ்வளவுதான் அதன் மனம். ஆனால் பிள்ளைகள் அதைப் பார்த்து ‘பயப்படுகிறது’, ‘கோபப்படுகிறது’, ‘என்னைத் தேடுகிறது’ என்று வினைச்சொல் சேர்த்துப் பேசுகிறார்கள். வகுப்பில் இதை நான் திருத்துவதில்லை. ‘பயப்படுகிறது’ என்று ஒரு பிள்ளை முழு வாக்கியத்தில் தமிழில் சொன்னால் ஆசிரியனுக்கு அதுவே லாபம்.

பார்க்காதே, பார்த்துக்கொண்டே இரு

ஆட்டத்து உயிர்களில் பிள்ளைகள் அதிகம் பேசுவது என்டர்மேனைப் பற்றி. 2011-இல் வந்தது. நெடுநெடுவென்ற கறுத்த உருவம், நீண்ட கை, ஊதா நிறக் கண். தன் பாட்டில் மண்கட்டியைத் தூக்கிக்கொண்டு அலையும். அதன் முகத்தை நேருக்கு நேர் பார்த்துவிட்டால் வாயைப் பிளந்துகொண்டு பாயும். தண்ணீர் பட்டால் அதற்கு வலிக்கும். அதைப் பார்க்க வேண்டும், ஆனால் கோபமும் வரக்கூடாது என்றால் ஒரு வழி இருக்கிறது: முகம் செதுக்கிய பூசணிக்காயைத் தலையில் கவிழ்த்துக்கொள்ள வேண்டும்.

இதை ஒரு மாணவி விளக்கியபோது, வகுப்பு வாசலில் பேரனுக்காகக் காத்திருந்த ஒரு பாட்டி, “அது திருஷ்டிப் பூசணி அல்லவா!” என்றார். வகுப்பே ஒரு நிமிடம் அமைதியாயிற்று. உண்மைதானே! புது வீட்டு முகப்பில் மீசையும் கோரைப்பல்லும் எழுதிய பூசணிக்காயை எதற்குத் தொங்கவிடுகிறோம்? கண்ணின் வலிமைக்கு எதிராக இன்னொரு முகத்தை நிறுத்துகிறோம். நாஞ்சில் நாட்டுப் பக்கம் தடியங்காய் என்று சொல்லும் வெண்பூசணி நம்முடையது. ஆட்டத்தில் வருவது மஞ்சள் பூசணி, மேல்நாட்டார் அக்டோபர் மாதக் கடைசியில் முகம் செதுக்கி விளக்கேற்றும் வகை. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. ஆனால் கண்ணேறு என்ற பழைய சொல்லையும், ‘கண் பட்டுவிட்டது’, ‘கண் வைக்காதே’, ‘திருஷ்டி கழித்தல்’ என்ற வழக்குகளையும் அன்று அரைமணி நேரத்தில் சொல்லிக்கொடுக்க முடிந்தது. அதற்கு முன் இரண்டு ஆண்டுகளில் அப்படி ஒரு சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

இதற்கு நேர்மாறான உயிர் ஒன்று 2024 டிசம்பரில் வந்தது. ‘கிரீக்கிங்’ என்கிறார்கள். வெளிறிய மரங்கள் நிறைந்த காட்டில் இரவில் வரும். நாம் பார்த்துக்கொண்டிருக்கும் வரை அசையாமல் மரம் போல் நிற்கும். கண்ணை எடுத்தால் நெருங்கிவரும். எத்தனை வெட்டு வெட்டினாலும் சாகாது. அதன் உயிர் உடம்பில் இல்லை. பக்கத்தில் எங்கோ ஒரு மரத்துக்குள் இருக்கும் இதயத்தில் இருக்கிறது. அந்த இதயத்தைத் தேடி உடைத்தால் இது உதிர்ந்து விழும். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, மரப்பொந்தில் இருக்கும் கிளியின் உடம்பில் அரக்கனின் உயிர் இருந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம் என்னவென்றால், வகுப்பில் இருந்த பதினோரு பிள்ளைகளில் ஒருவருக்கும் அந்தக் கிளிக் கதை தெரியவில்லை. மரத்துக்குள் இதயம் இருப்பது மட்டும் பதினோரு பேருக்கும் தெரிந்திருந்தது.

வார்டனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022-இல் வந்த இது பாதாளத்தில் இருக்கிறது. கண் கிடையாது. அதிர்வைக் கொண்டே நம்மை அறியும், மோப்பமும் பிடிக்கும். ஓடினால் தொலைந்தோம், குனிந்து, அடிமேல் அடி வைத்து நகர வேண்டும். விடுதியில் தங்கிப் படித்த அன்பர்களுக்கு இந்தப் பெயரும் இந்தத் தற்காப்பு முறையும் விளக்கம் இல்லாமலே விளங்கும்.

நம் ஊர்ப் பாதையில் இருந்தவள்

இப்போது திருவனந்தபுரத்துக்கு வருவோம். இங்கிருந்து நாகர்கோவில் செல்லும் பழைய பாதையில், நாகர்கோவிலை நெருங்கும் இடத்தில் கள்ளியங்காடு இருக்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லை பிரிந்ததால் அந்த இடம் இன்று தமிழ்நாட்டில். அதற்கு முன் அதுவும் திருவிதாங்கூர்தான். கள்ளியங்காட்டு நீலி என்றால் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு காலத்தில் பிள்ளைகள் சோற்றை மறுபேச்சில்லாமல் உண்டார்கள். சி. வி. ராமன் பிள்ளை 1891-இல் வெளியிட்ட ‘மார்த்தாண்டவர்மா’ என்னும் மலையாள நாவலில் பஞ்சவன்காடும் அங்கே யட்சி உண்டு என்ற பேச்சும் வருகின்றன. கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த ‘ஐதீகமாலை’யில், பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடைப்பட்ட வழியில் ஒரு யட்சி இருந்து, வழிப்போக்கரிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். கொடுக்கப் போனவன் திரும்பமாட்டான். கடமற்றத்துக் கத்தனார் சுண்ணாம்பைக் கையால் கொடுக்காமல் இரும்பு நாராயத்தின் முனையில் வைத்து நீட்டினார், அவள் அடங்கினாள். மக்கள் வாய்மொழியில் இந்த யட்சியும் நீலியும் நாளடைவில் ஒருவராகிவிட்டார்கள்.

பாருங்கள், இங்கேயும் விதிகள் இருக்கின்றன. நிலம்: கள்ளியும் பனையும் நிறைந்த வெளி. பொழுது: இருட்டிய பின். தூண்டுதல்: சுண்ணாம்பு கேட்டுப் பேச்சுக் கொடுத்தல். தற்காப்பு: இரும்பு. நாஞ்சில் நாட்டுப் பாட்டிமார்கள் இதை விதியாகவே சொல்வார்கள்: ‘பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாதே’, ‘இரும்பைக் கையில் வைத்துக்கொள்’. ஆட்டம் ஆடும் பிள்ளை ‘என்டர்மேனைப் பார்க்காதே, தண்ணீர்ப் பக்கமாக நில்’ என்று தம்பிக்குச் சொல்லுகிற அதே தொனி. அனுபவஸ்தர் புதியவருக்கு உயிர் பிழைக்கும் வழி சொல்லும் தொனி அது.

ஆனால் தமிழ் நீலி கதை இதோடு நிற்பதில்லை. வடக்கே திருவாலங்காட்டுக்கு அருகில் பழையனூரைச் சார்ந்தும், தெற்கே வில்லுப்பாட்டிலும் இக்கதை வழங்குகிறது. சம்பவங்களில் வேறுபாடு உண்டென்றாலும் நடு எலும்பு ஒன்றே. முற்பிறவியில் தன்னைக் கொன்றவனைப் பழிவாங்க நீலி பெண்ணுருக் கொண்டு வருகிறாள். கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். வணிகனோ தன்னைக் காக்கும் கத்தியைக் கைவிடாமல் வைத்திருக்கிறான்; அது இருக்கும் வரை அவளால் நெருங்க முடியாது. அவள் போரிடவில்லை. ஊர் அவையின் முன் நின்று, இவர் என் கணவர், என்னையும் பிள்ளையையும் கைவிட்டார் என்று அழுகிறாள். அவன், இவள் பேய் என்கிறான். யாரை நம்புவது? குழந்தை அவனை அப்பா என்று அழைக்கிறது. வேளாளர் எழுபது பேரும் அவள் அழுகையை நம்புகிறார்கள். உன் உயிருக்கு நாங்கள் பிணை என்று சொல்லி அவன் கத்தியை வாங்கிவைத்துக்கொண்டு இருவரையும் ஒரே வீட்டில் தங்கவைக்கிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் பிணமாகக் கிடக்கிறான். சொன்ன சொல் தவறாமல் எழுபதின்மரும் தீயில் இறங்குகிறார்கள்.

‘நீலிக்கண்ணீர்’ என்ற சொல் இங்கிருந்து வந்ததுதான். நம் பிள்ளைகளுள் சிலர் இந்தச் சொல்லைத் தொலைக்காட்சித் தொடரில் கேட்டிருக்கிறார்கள். நீலி என்றால் நீல நிறம் என்று ஒருவன் சொன்னான். கண்மை கரைந்து நீலமாக வருவதாம். கதை போய்விட்டது, சொல் மட்டும் அனாதையாக நிற்கிறது. 2025-இல் ‘லோகா’ என்ற மலையாளத் திரைப்படம் வந்த பிறகு கள்ளியங்காட்டு நீலியின் பெயர் மீண்டும் பிள்ளைகள் வாயில் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் படத்தின் நீலி வேறு, அவையில் நின்று அழுத நீலி வேறு. இசக்கி என்ற பெயரில் தெற்கே வழிபடப்படுபவளும் இவளே என்பர். ஆரல்வாய்மொழி அருகே முப்பந்தல் கோயிலைப் பேருந்தில் கடக்காத நம் அன்பர் குறைவு.

மைன்கிராஃப்ட் உயிர்களோடு நீலியை ஒப்பிடும்போது ஒரு பெரிய வேறுபாடு தெரிகிறது. அந்த ஆட்டத்தில் எந்த உயிரும் பொய் சொல்வதில்லை. கல்லுக்குள் ஒளிந்திருக்கும் பூச்சி உண்டு. தனியாக நிற்கும் எலும்புக் குதிரையை நெருங்கினால் இடி விழுந்து எதிரிகள் தோன்றும் பொறியும் உண்டு. ஆனால் ஒளிவது வேறு, ஊரைக் கூட்டிப் பொய்ச்சாட்சி சொல்வது வேறு. ஆட்டத்தின் ஆபத்து இருட்டிலிருந்து வருகிறது. நீலி கதையின் ஆபத்து நல்லவர்கள் எழுபது பேரின் தீர்ப்பிலிருந்து வருகிறது. எது பிள்ளைகளுக்கு அதிகம் தேவைப்படும் எச்சரிக்கை என்று கேட்டால், இன்று தொலைபேசியில் ‘நான் உங்கள் வங்கியிலிருந்து பேசுகிறேன்’ என்று குரல் வரும் காலத்தில், எனக்கு நீலி பக்கமே மனம் சாய்கிறது.

ஊராரும் இரும்புக் காவலனும்

ஆட்டத்தில் ஊர்களும் உண்டு. ஊராருக்கு உழவு, மீன்பிடிப்பு, நூல்நிலையம், கொல்லுப்பட்டறை என்று தொழில்கள். தொழிற்கருவியைப் பக்கத்தில் வைத்தால் வேலையில்லாதவர் அத்தொழிலை ஏற்றுக்கொள்வார். பச்சைச் சட்டை போட்ட ஒருவர் மட்டும் எத்தொழிலையும் ஏற்கமாட்டார். இவர் எல்லா ஊரிலும் உண்டு, நாமும் அறிவோம். ஊராரில் ஒருவரை அடித்தால் செய்தி மற்றவர் காதுக்குப் போய்ப் பண்டங்களின் விலை ஏறிவிடும். நடைபிணமாகிவிட்ட ஊராரை மருந்தும் பொன் ஆப்பிளும் கொடுத்துக் குணமாக்கினால் அவர் நமக்கு மலிவாக விற்பார். ஊரைக் காக்க இரும்பால் ஆன பேருருவம் சுற்றிவரும். அது சில வேளைகளில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு சிவப்புப் பூவை நீட்டும். ஊர் எல்லையில் குதிரையோடு நிற்கும் அய்யனாரைச் சொந்த ஊரில் பார்த்த பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

பெற்றோர் கவனத்துக்கு ஒன்று: 2018-இல் சேர்க்கப்பட்ட ‘ஃபான்டம்’ என்னும் பறக்கும் பேய், ஆட்டத்தில் மூன்று நாள் படுக்கையில் படுக்காதவனைத்தான் தேடிவரும். இரவு பதினொன்றுக்கும் விழித்திருக்கும் பிள்ளையிடம் இதை நினைவுபடுத்தலாம். பலன் எனக்கு உறுதியில்லை.

கன்றா, குட்டியா?

தமிழ்ப் பாடத்துக்கு அதிகம் பயன்பட்டவை பேய்களைவிட ஆடுமாடுகளே. ஆட்டத்தில் இரண்டு பசுக்களுக்குக் கோதுமை கொடுத்தால் ஓர் இளம் பசு பிறக்கும். பன்றிக்குக் காரட், கோழிக்கு விதை. பிறந்தது 20 நிமிடத்தில் வளர்ந்துவிடும். இதைப் பிள்ளைகள் ‘பேபி கவ்’, ‘பேபி ஷீப்’, ‘பேபி சிக்கன்’ என்கிறார்கள். தமிழில் சொல் என்றால் மலையாளப் பேச்சின் பழக்கத்தில் ‘பசுக்குட்டி’ என்று வருகிறது. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதைத் தொகுத்துச் சொல்கிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. எந்தப் பெயர் எந்த உயிருக்கு உரியது என்றும் பகுத்துக் கூறுகிறது. இன்றைய வழக்கில் நமக்கு வேண்டியது பசுவுக்கும் யானைக்கும் கன்று, ஆட்டுக்கும் நாய்க்கும் பன்றிக்கும் குட்டி, கோழிக்குக் குஞ்சு, அணிலுக்குப் பிள்ளை என்ற அளவே. மறி, பறழ், குருளை மூன்றையும் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்காகச் சேர்த்துக்கொண்டேன். ‘குருளை’ என்ற சொல் அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆட்டத்தில் வளர்க்கும் ஓநாய்க்குட்டிக்கு ஒரு பெண் அதையே பெயராக வைத்துவிட்டாள்.

ஒலி மரபும் இப்படியே. ஆட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒலியைக் கேட்டு, கேட்டதைத் தமிழில் சொல்ல வேண்டும். நாய் குரைக்கும், ஓநாய் ஊளையிடும், குதிரை கனைக்கும். கிரீப்பர் என்ன செய்யும்? ‘இஸ்’ என்று ஓர் ஒலி, ஒன்றரை வினாடியில் வெடிப்பு. சீறும் என்று ஒருவனும், பொரியும் என்று இன்னொருவனும் வாதாடினார்கள். திரி பொரியும், பாம்பு சீறும்; இதற்கு முகம் இருப்பதால் சீறும் என்று தீர்ப்பானது.

அந்தக் கிரீப்பரின் பிறப்பும் வேடிக்கையானது. பெர்சன் பன்றி உருவம் செய்யும்போது நீளத்தையும் உயரத்தையும் மாற்றி எழுதிவிட்டார். நெட்டுக்குத்தாக ஓர் உருவம் வந்து நின்றது. அதையே பச்சை நிறமாக்கி அரக்கனாக்கிவிட்டார். பூனையைக் கண்டால் இதற்கு நடுக்கம்.

பெயர் வைக்கும் வேலை

இந்த ஆட்டத்தின் ஜாவா பதிப்பில் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது; தன்னார்வலர்கள் மொழிபெயர்த்துத் தருவது. பல வீடுகளில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஒரு மாதம் அதைத் தமிழில் வைத்து ஆடிப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். சில சொற்கள் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அப்படியானால் நீங்களே வையுங்கள் என்றேன். அகராதியைப் பார்த்த ஒருவன் கிரீப்பருக்குப் ‘படர்கொடி’ என்று எழுதி வந்தான். சிரித்தோம்; ஆனால் அகராதி அவனை ஏமாற்றவில்லை, அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அப்பொருளும் உண்டு. கடைசியில் ‘பதுங்கி’ என்று முடிவாயிற்று. புலி பதுங்குவது பாய்வதற்குத்தான் என்ற பழமொழியையும் சேர்த்துச் சொல்ல முடிந்தது. ஹஸ்க் ‘சக்கை’ ஆயிற்று. என்டர்மேனுக்கு ‘நெடியோன்’ என்று ஒரு மாணவன் சொன்னதும் நான் தயங்கினேன். நெடியோன் திருமாலின் பெயர். அதுவும் பத்மநாபன் பள்ளிகொண்ட ஊரில் இருந்துகொண்டு! ‘நெட்டையன்’ என்று மாற்றிக்கொண்டோம்.

இதில் நான் கண்டது ஒன்று. இங்கே வளரும் நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும். தமிழ் சமையலறைக்கும் கோயிலுக்கும் உரியதாகச் சுருங்கிவிட்டது. ‘சாப்பிடு’, ‘தூங்கு’, ‘சீக்கிரம் வா’ என்ற அளவில் அது உயிரோடிருக்கிறது. பதுங்கு, சீறு, உதிர், பொரி, மோப்பம்பிடி, ஊளையிடு முதலிய சொற்களுக்கு அவ்வீட்டில் வேலையே இல்லை. வேலையில்லாத சொல் மறக்கப்படுவது இயற்கை. ஆட்டம் இச்சொற்களுக்குத் தினம் ஒரு மணி நேரம் வேலை கொடுக்கிறது, நாம் அவற்றை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால்.

வரும் பருவத்தில் செய்ய நினைக்கும் பயிற்சி இது. ‘லுவான்டி’ என்று ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. பின்லாந்தைச் சேர்ந்த பெர்ட்டு அகோலா 2010-இல் தொடங்கியது. 2024 வரை ‘மைன்டெஸ்ட்’ என்று பெயர். விலை கிடையாது. ‘லுவா’ என்ற எளிய கணிப்பொறி மொழியில் எழுதி நாமே புது உயிர்களை அதில் உலவவிடலாம். கேரளப் பள்ளிகளில் கைட் நிறுவனத்தின் முயற்சியால் லினக்ஸ் பழகிய பிள்ளைகளுக்கு இது கடினமாக இராது. அதில் நீலியைச் செய்வது எங்கள் திட்டம். முதலில் தாளில் தமிழில் எழுத வேண்டும்: எந்த நிலம், எந்தப் பொழுது, எதை நாடுவாள், எதற்கு அஞ்சுவாள். இந்த நான்கும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டன. கள்ளிக்காடு, நள்ளிரவு, சுண்ணாம்பு வைத்திருப்பவன், இரும்பு. கள்ளிக் கொம்பு குழந்தையாவதும் எளிது. ஒரு பொருளுக்குப் பதில் இன்னொன்றை வைத்தால் போதும்.

நின்றது அவையில்தான். எழுபது ஊரார் ஒரு பொய்யை நம்புவதை எப்படி எழுதுவது? நம்பும்படி கட்டளையிட்டால் அது நம்பிக்கை ஆகாது என்கிறாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. ஊராரின் காதுக்குச் செய்தி போகும் விதி இருக்கிறதே, அதில் தொடங்கலாம், நீலி அழும்போதெல்லாம் வணிகனின் பெயர் கெட்டுக்கொண்டே வரட்டும், ஓர் அளவைத் தாண்டியதும் கத்தியை வாங்கிக்கொள்ளட்டும் என்கிறான் அவள் தம்பி. அந்த அளவு எத்தனை என்பதில் இருவருக்கும் சண்டை. இரண்டு கட்சிக்கும் ஆள் சேர்ந்திருக்கிறது.

நீலி கதையைச் சிறுவயதில் வில்லுப்பாட்டாகவோ பாட்டி வாயிலாகவோ கேட்ட அன்பர்கள், அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை வகுப்புக்கு வந்து தாங்கள் கேட்டபடியே சொல்லுமாறு வேண்டுகிறேன். ஊருக்கு ஊர் கதை மாறியிருக்கும், மாறியபடியே வேண்டும். பிள்ளைகள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.